ஆயுத பூஜைக்குத் துடைத்த மடிக்கணினி

தண்ணீர் பட்டால் மடிக்கணினி செத்துவிடும் என்றொரு நம்பிக்கை இந்த நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைவிடத் தவறான கருத்து வேறொன்று கிடையாது, தம்பி. தண்ணீர் இதுவரை ஒரு கணினியையும் கொன்றதில்லை. ஈரம் காய்வதற்குள் விசையை அழுத்தி மின்சாரத்தை உள்ளே விடுகிறார்களே, அதுதான் கொல்கிறது. குற்றவாளி மின்சாரம். அதற்குக் கதவைத் திறந்துவிட்ட விரல் உடந்தை. தண்ணீர் வெறும் சாட்சி. உலகம் சாட்சியைத்தான் தூக்கில் போடுகிறது.

உங்களுடையதும் பூஜைக்குத் துடைத்ததுதானே? மூடியின் மேல் சந்தனப் பொட்டு இன்னும் உதிராமல் இருக்கிறதே, அதை வைத்துத்தான் கேட்கிறேன். கவலைப்படாதீர்கள். ஆயுத பூஜை முடிந்த வாரம் இந்தக் கடை இப்படித்தான் இருக்கும். அதோ அந்தப் பெஞ்சில் இருப்பவர் மடியிலும் ஒன்று இருக்கிறது பாருங்கள், குங்குமத்தோடு. ரிப்பேர் பார்க்கிற ஜெரால்டுக்கு இதுதான் அறுவடைக் காலம். கெட்டிக்காரர், ஆனால் நிதானம். நீங்கள் உட்காருங்கள். விசையை மட்டும் இனிமேல் அழுத்திப் பார்க்காதீர்கள். அரிசியில் புதைத்து வைத்தீர்களா? வைத்திருப்பீர்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பது இரண்டாவது மூடநம்பிக்கை. அப்படி உறிஞ்சுமானால் மழைக்காலத்தில் நம் வீட்டுத் துணியெல்லாம் அரிசிப் பானையில்தானே காயும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அதில் ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் வீட்டில் கெடுத்தது தண்ணீர் இல்லை, மின்சாரமும் இல்லை. சந்தனம். என் மனைவி சௌந்தரம் இட்ட சந்தனம்.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லுக்கு வருவதற்கு முன் நாலைந்து ஊர் பார்த்தாயிற்று. ஒவ்வோர் ஊரிலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா அலமாரியையும் என் கையால்தான் துடைப்பேன். பியூன் துடைத்தால் எனக்குத் திருப்தி வராது. ஒரு பொருளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதன் மேல் இருக்கும் அழுக்கை எடுப்பது. மனிதர்களுக்கும் அதுதான். மனிதர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மடிக்கணினி என் மகளுடையது. வான்மதி என்று பெயர். புனேயில் இருக்கிறாள். வீட்டை விட்டுப் போகும்போது இதை விட்டுவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது சரியான சொல் இல்லை. கல்யாணம் செய்துகொண்டு போனாள். நான் அந்தக் கல்யாணத்தை எதிர்த்ததாகவும் சொல்வார்கள், அதுவும் தவறு. எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு ஆட்சேபணையும் கிடையாது. அவன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒரு கேள்வி கேட்டேன். கேள்வி கேட்பது எதிர்ப்பா? கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்பது உண்மை. அன்றைக்கு நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் புத்தகத்தையும் எடுத்து எண்ணி வைக்க வேண்டும். அதை ஒத்திப்போட முடியாது. தேதி குறித்தது நான்தான், ஆனால் குறித்த பிறகு மாற்றுவது முறையில்லை அல்லவா. அவளோடு பேசுகிறவர்களுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சௌந்தரத்திடம் அந்த வாரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். கோபத்தில் சொல்வதுதான். அவள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மடிக்கணினியில் ஒரு வேடிக்கை. வான்மதி தன் போனில் படம் எடுத்தால், அது தானாகவே இங்கே வந்து விழும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும் அவள் கணக்கில்தான் ஓடுகிறதாம். அவள் போய் ஒரு மாதத்துக்குள் சௌந்தரம் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குமுன் அவளுக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, என்னைக் காபியோடு வாசலில் உட்கார்த்திவிட்டு, உள்ளே போய் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். என் மூக்குக்கண்ணாடி எப்போதும் அந்த மேசையில்தான் இருக்கும். கண்ணாடி எடுக்கப் போவேன். போகும்போது அவள் முதுகுக்குப் பின்னால் எது தெரிகிறதோ அதுதான்.

நல்ல வெளிச்சமான வீடு. மாடி. கொடியில் துணி காயும். அந்தப் பையன் கொஞ்சம் பருத்துவிட்டான். அவனே பாத்திரம் துலக்குகிற மாதிரி ஒரு படம். வான்மதிக்குப் படம் எடுக்கத் தெரியாது என்பது என் கருத்து. அர்த்தமில்லாததையெல்லாம் எடுப்பாள். ஒரு தடவை அடுப்பில் கொதிக்கிற சாம்பாரை மட்டும் எடுத்திருந்தாள். சாம்பாரை யாராவது படம் எடுப்பார்களா? சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டு, “கடுக கருக விட்டிருக்கா பாருங்க” என்றாள். என்னிடம் இல்லை, திரையிடம். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அது பிறந்ததே எங்களுக்கு அப்படித்தான் தெரியும். ஒரு நாள் வெறும் துணி மூட்டை மாதிரி ஒரு படம், மூட்டைக்குள் ஒரு மூக்கு. அது எங்கள் அண்ணன் மூக்கு. சௌந்தரம் அவள் தம்பி மூக்கு என்பாள். அவள் தம்பிக்கு மூக்கே கிடையாது, இரண்டு துவாரம்தான்.

குழந்தை இடது கையால் சாப்பிடும். பல்லைக் காட்டும். உள்ளங்கை இரண்டையும் விரித்து நேராக நம்மைப் பார்த்துக் காட்டும், மருதாணி வைத்துக்கொண்ட நாளில். தடுப்பூசி போட்ட தொடையைக் காட்டும். எதற்கு இதையெல்லாம் எடுத்து வைக்கிறாள் என்றே எனக்கு விளங்காது. யாரிடமோ ஒப்புவிக்கிற மாதிரி.

பெயர் மட்டும் தெரியாது. படத்தில் பெயர் எழுதியிருக்காதே. ஒரு பிறந்தநாள் கேக்கில் எழுதியிருந்தது, ஆனால் படம் எடுப்பதற்குள் வெட்டிவிட்டார்கள். கடைசி எழுத்து ‘னி’ என்று முடிகிறது, அதற்கு முன்னால் கத்தி போயிருக்கிறது. செல்லரித்த சுவடியில் விட்டுப்போன எழுத்தை ஊகித்துப் படித்துப் பழகியவன் நான். ஒரு வாரம் யோசித்தேன். பல பாடங்கள் சாத்தியம், எதையும் நிறுவ முடியவில்லை. சௌந்தரம் பட்டு என்று வைத்துக்கொண்டாள். “பட்டு, சாப்டியா” என்று கேட்டுக்கொண்டே திரையில் அந்தக் கன்னத்தைத் தொடுவாள். சமையல் கை. எண்ணெயும் மஞ்சளுமாகத் திரையில் ஒரே இடத்தில் விரல் தடம் படிந்துகிடக்கும். எனக்குப் பொறுக்காது. எந்தப் பொருளிலும் அழுக்கு எனக்குப் பொறுக்காது.

ஆகவே, போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது எடுத்துத் துடைத்தேன். முறைப்படிதான் துடைத்தேன். இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பி இருக்கிறதல்லவா, அதைக்கொண்டு லேசாகத் தெளித்து, பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். தடம் உடனே போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. இன்னும் கொஞ்சம் தெளித்தேன். எழுத்துக் கட்டைகளின் இடுக்கிலும் தூசி இருந்தது, அங்கேயும் தெளித்தேன். பளிங்கு மாதிரி ஆயிற்று. திரை எப்படித் தெரிகிறது என்று பார்க்க விசையை அழுத்தினேன். ஒரு தடவை கண் சிமிட்டி அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லைபோலும் என்று மூடிவைத்துவிட்டேன். அதைப் பெரிதாக யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

சாயங்காலம் சௌந்தரம் வந்தாள், கோலம் போட்டு மணை வைத்தாள். என் புத்தகங்கள், அவள் தையல் கத்தரி, அரிவாள்மணை, அதற்கு மேல் மகுடம் வைத்த மாதிரி இந்த மடிக்கணினி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மணையில் வைத்ததைப் பூஜை நாள் கழிந்து விஜயதசமி காலை வரை தொடக்கூடாது அல்லவா. எங்கள் வீட்டில் இது கண்டிப்பு. அந்த ஒரு நாளும் அவள் படம் பார்க்கவில்லை. மணைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். சரஸ்வதி பூஜை அன்று குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருப்பார்களோ என்று, காய் நறுக்கும்போது, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

விஜயதசமி காலையில் குளித்து, கற்பூரம் காட்டி, முதலில் அதைத்தான் எடுத்தாள். திறந்தாள். கறுப்பு.

அப்புறம் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. வேறு பிளக்கில் செருகிப் பார்த்தோம். சார்ஜர் விளக்கு எரிந்தது, அது எரியவில்லை. எதிர்வீட்டுப் பையன் சொன்னான் என்று சார்ஜரைக் கழற்றிவிட்டு விசையை நீளமாக அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடியும் செருகினோம். திரையில் டார்ச் அடித்து உள்ளே ஏதாவது மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்தோம். எங்கள் முகம்தான் தெரிந்தது. காது வைத்துக் கேட்டேன், விசிறி ஓடுகிற சத்தமும் இல்லை. சௌந்தரம் அரிசிப் பானையில் வைத்தாள். அரிசி சமாசாரம் ஏற்கெனவே சொன்னேன். மூன்றாம் நாள் அந்த அரிசியில் வடித்த சாதத்தில் சந்தன வாசனை அடித்தது. அன்றைக்குத்தான் எனக்குக் காரணம் புரிந்தது. “நீ கரைச்சு வெச்ச சந்தனம்தான் உள்ள எறங்கியிருக்கு” என்றேன். சாமிக்கு வைத்ததால் போயிற்று என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று மட்டும் கேட்டாள். நான் ஆறுதல் சொன்னேன்: தெரியாமல் செய்த தவறு, பரவாயில்லை என்று.

இங்கே கொண்டுவந்தேன். ஜெரால்டு திறந்து பார்த்துவிட்டு, “தண்ணி நல்லா எறங்கியிருக்கு சார்” என்றார். சந்தனத்தில் தண்ணீர் உண்டு என்று விளக்கினேன். ஸ்பிரிட் விட்டுப் பிரஷ்ஷால் கழுவி, காயவைத்து, என்னவோ ஒன்றை மாற்றினார். உயிர் வந்துவிட்டது. ஆனால் பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் வீட்டில் அது கேட்டதே இல்லை, திறந்தால் திறக்கும். உள்ளே கழற்றி மாட்டினால் முதல் தடவை கேட்கும், யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம் கேளுங்கள் என்றார்.

சௌந்தரத்துக்குப் போன் செய்து, வான்மதி நம்பர் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். தேடுவாள் என்று நினைத்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு நாளும் கூப்பிட்டதில்லையாம். தினமும் சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம்.

என் போனிலிருந்து கூப்பிடவில்லை. சார்ஜ் குறைவாக இருந்தது. கடைப் போனில் பேசினேன், இதோ இந்த மேசையில் நின்றுகொண்டு. அவள்தான் எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம்.

“நான்தான்” என்றேன்.

“அப்பாவா?” என்றாள். “அம்மாக்கு என்ன ஆச்சு?”

“ஒன்றும் ஆகவில்லை. உன் பழைய மடிக்கணினி பாஸ்வேர்டு கேட்கிறது.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன், ஆனால் வெளியூர் அழைப்பில் அதையெல்லாம் தீர்மானமாகச் சொல்ல முடியாது. அப்புறம் மெதுவாக, “அதுல உங்களுக்கு என்னப்பா வேணும்?” என்று கேட்டாள்.

ஜெரால்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இன்னும் சிலபேர் இருந்தார்கள். பொது இடத்தில் ஒரு மனிதன் எவ்வளவுதான் பேச முடியும்? “என் பென்ஷன் காகிதங்கள் அதில் இருக்கின்றன” என்றேன்.

“அதுக்குத்தானா?”

“அதற்குத்தான்.”

“என்னோட படம் ஏதாவது அதுல வருதா? பாத்தீங்களா?”

“உன்னுடைய எதையும் நாங்கள் தொடுவதில்லை” என்றேன். பிறருடைய பொருளைத் தொடாதவன் என்ற பெயர் எனக்குச் சர்வீஸ் முழுக்க உண்டு.

அப்போது பின்னால் ஒரு குழந்தைக் குரல் கேட்டது. தெளிவான உச்சரிப்பு. “யாரும்மா அது?” என்றது. தமிழில் கேட்டது, தம்பி. புனேயில் வளர்கிற குழந்தை. வான்மதி, “கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைலேர்ந்துடா” என்றாள். சரியான பதில்தான். கடைப் போனிலிருந்துதானே பேசினேன்.

“வேற ஒண்ணும் இல்லையாப்பா?” என்று கேட்டாள்.

“வேறு ஒன்றுமில்லை” என்றேன்.

போனைக் கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். ஜெரால்டு, சரிங்க மேடம், சரிங்க மேடம், எடுத்துடறேன் மேடம் என்று பேசினார். பாஸ்வேர்டு வாங்கித் திறந்தார். திறந்து, அவள் சொன்னபடி அவள் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டார். அப்பா காகிதம் வைத்துக்கொள்கிற கணினி, என் சாமான் அதில் அடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், சுத்தமாகத் துடைத்து அவர் பெயரிலேயே போட்டுக் கொடுங்கள் என்றாளாம். அந்தப் பொறுப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. என்னிடமிருந்து வந்தது. கட்டணத்தையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டாள்.

ஜெரால்டுதான் ஒரு சந்தேகம் கேட்டார். “இந்தக் கணக்க எடுக்கணும்னா மேடம் அங்க இருந்தே போன்ல ஒரு தட்டுல எடுத்திருக்கலாம் சார். இத்தன வருஷம் ஏன் விட்டு வெச்சிருந்தாங்க?”

மறதி என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். சௌந்தரம் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திறந்தாள். வேகமாகத் திறந்தது, புதிது மாதிரி. நீலமாக இருந்தது. எதிலெதிலோ தட்டிப் பார்த்தாள்.

“படமெல்லாம் எங்கங்க?”

நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம், ஒரு சொல் விடாமல் அவள் கேட்டது, நான் சொன்னது, குழந்தை கேட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் முடித்த பிறகு, “கொழந்த பேரக் கேட்டீங்களா?” என்றாள்.

அதற்குச் சந்தர்ப்பம் அமையவில்லை என்றேன்.

அவள் எழுந்து போய் அடுப்பை நிறுத்தினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பக் கூப்பிடலாமே என்று பார்க்கிறீர்கள். ஜெரால்டும் அதைத்தான் சொல்கிறார். மேடம் நினைத்தால் மறுபடியும் போட்டுவிடலாம், ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறார். கூப்பிட்டு என்ன சொல்வது, தம்பி? எதற்கும் ஒரு முகாந்திரம் வேண்டாமா? போன தடவை பாஸ்வேர்டு கேட்டது, கூப்பிட்டேன், அது முறை. இப்போது ஒரு பழுதும் இல்லையே. அதனால்தான் அவ்வப்போது இங்கே கொண்டுவந்து காட்டுகிறேன். சந்தனம் உள்ளே எங்காவது மிச்சம் இருக்கும், நாள்பட்டு வேலையைக் காட்டும் என்பது என் ஊகம். ஏதாவது ஒன்று பழுதானால், அவளிடம் கேட்டால்தான் சரியாகும் என்று ஜெரால்டு வாயால் சொன்னால், இந்த மேசையிலிருந்தே கூப்பிட்டுவிடுவேன். நம்பர் எனக்கும் இப்போது மனப்பாடம். அவர் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்துவிட்டு, நல்லா ஓடுது சார், எடுத்துட்டுப் போங்க என்கிறார். இன்றைக்கும் உள்ளே வாங்கி வைத்திருக்கிறார். பார்ப்போம்.

உங்களைக் கூப்பிடுகிறார், போங்கள். சந்தனப் பொட்டை முதலில் துடைத்துவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணி.

இந்த வருஷமும் பூஜைக்கு முந்தின நாள், வழக்கம் விடக்கூடாது என்று, துடைப்பதற்கு எடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். திரையில் ஒரு விரல் தடம்கூட இல்லை. துடைக்காமலே மூடிவைத்துவிட்டேன்.